இரட்டைப்படை வரிசையின் சாட்சி: பானிக்காய்டியே வகைப்பாடு குறித்து ஒரு திறனாய்வு

சின்னசேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அறுவடை முடிந்த கையோடு களத்தில் குவிந்து கிடக்கும் மக்காச்சோளக் கதிர் ஒன்றை எடுத்து, மட்டையை உரித்து, நடுப்பகுதியில் மணி வரிசைகளைச் சுற்றிவர எண்ணிப் பாருங்கள். 12 வரும், 14 வரும், 16 வரும். 13-ஐயும் 15-ஐயும் காண்பது அரிது. விதை எந்தக் கம்பெனியுடையது, மழை எப்படிப் பெய்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மக்காச்சோளத்தின் சிறுகதிர்கள் இணை இணையாகவே பிறக்கின்றன. ஒவ்வொரு சிறுகதிரிலும் இரண்டு பூக்கள் தொடங்கும்; கீழ்ப்பூ கருகிவிட, மேல்பூ மட்டும் மணியாகும். ஆகவே 14 வரிசை என்பது 7 இணை. ‘கன்ட்ரி ஜென்டில்மேன்’ என்ற பழைய அமெரிக்க இனிப்பு மக்காச்சோள ரகத்தில் அந்தக் கீழ்ப்பூவும் பிழைத்து மணி கட்டிவிடுகிறது. அதனால் வரிசை குலைந்து மணிகள் தாறுமாறாக நெருக்குகின்றன. மற்ற ரகங்களில் கீழ்ப்பூ இல்லாமல் போய்விடவில்லை, அடங்கிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இணைச் சிறுகதிர், ஆண்ட்ரோபோகோனியே குலத்தின் முத்திரை. இரண்டு பூக்களில் மேலது மட்டுமே வளமுள்ளது என்பது, அந்தக் குலத்தையும் உள்ளடக்கிய பானிக்காய்டியே துணைக்குடும்பத்தின் பழைய முத்திரை. புல் குடும்பத்தின் ஏறத்தாழ 11,500 சிற்றினங்களில் 3,200-க்கும் மேற்பட்டவை இதனுள் அடங்கும். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு ஆலைகள் அரைக்கும் கரும்பு, சமவெளியின் மக்காச்சோளமும் சோளமும் கம்பும், கல்வராயன் மலைச் சரிவின் சாமை, தினை, வரகு எல்லாம் இந்த ஒரே கிளையின் விளைச்சல். மூங்கில்துறைப்பட்டு என்ற பெயரில் இருக்கும் மூங்கிலோ வேறொரு துணைக்குடும்பம்.

ஒரு வகைப்பாட்டை எப்படி எடைபோடுவது? அது வம்சத்தைச் சொல்கிறதா, கையில் ஒரு பூதக்கண்ணாடியோடு சரிபார்க்க இடம் தருகிறதா, இன்னும் பார்க்காத ஒன்றைப் பற்றி முன்கூட்டிச் சொல்லும் துணிவு அதற்கு உண்டா என்று கேட்கிறேன். முதல் கேள்வியை மட்டும் கேட்பவர்கள் ஆய்வகத்தோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதை மட்டும் கேட்பவர்கள் 1934-ஆம் ஆண்டுத் தாவர நூலோடு நின்றுவிடுகிறார்கள்.

ராபர்ட் பிரவுன் 1814-இல் புற்களை இரண்டாகப் பிரித்ததிலிருந்து தொடங்குவதே முறை. ஒரு பக்கம், இரண்டு பூ உடைய சிறுகதிரில் கீழ்ப்பூ குறைபட்டுப் போகும் பானிசியே. மறுபக்கம், குறைபாடு மேல்நுனியை நோக்கி நிகழும் போயேசியே. முன்னது வெப்பமண்டலத்தில் மிகுதி, பின்னது குளிர்நாடுகளில் மிகுதி என்றும் அவர் கவனித்தார். ஒரு சிறு உறுப்பின் மேல்கீழ் வேறுபாட்டை வைத்துக்கொண்டு குடும்பம் முழுவதையும் வெட்டியது அசாத்தியத் துணிவு. அந்த வெட்டின் ஒரு பாதி இருநூறாண்டு தாங்கி நின்றது. மறுபாதி சிதறிவிட்டது: நெல், மூங்கில், கோதுமை, கேழ்வரகு என்று அதிலிருந்த ஒவ்வொன்றும் இன்று தனித்தனித் துணைக்குடும்பம்.

ஒரே மனிதர், ஒரே அளவுகோல், ஒரே நாளின் வெட்டு. விளைவு மட்டும் ஏன் இப்படிப் பிரிந்தது? கீழ்ப்பூ கருகுவது புதிதாகப் பெற்ற பண்பு. மூதாதை ஒன்றிடம் தோன்றி வழித்தோன்றல்களுக்கு இறங்கியது. நுனியை நோக்கிப் பூக்கள் குறைந்துகொண்டே போவது புற்களின் பழைய பொது இயல்பு. அது யாரையும் யாரோடும் குறிப்பாகச் சேர்க்காது. பெற்றதை வைத்துக் கட்டிய குழு நிற்கும், பெறாததை வைத்துக் கட்டிய குழு கலையும். இந்தத் துணைக்குடும்பத்தின் வரலாற்றில் ஏற்பட்ட வெற்றி தோல்விகள் பெரும்பாலானவற்றை இந்த ஒரே வேறுபாடு விளக்கிவிடும் என்பது என் வாதம். ஒப்பீட்டுக்கு ஒன்று: தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரம் உள்ளதைப் புல் என்றும் அகத்தே வயிரம் உள்ளதை மரம் என்றும் பிரித்தது. இரு பக்கத்துக்கும் உள்ளதொரு பண்பைக் கொடுத்த பிரிவு அது. பனையும் தென்னையும் அதில் புல்லாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒருவித்திலைத் தண்டின் உள்ளமைப்பை அது சரியாகவே பிடித்திருக்கிறது.

சாமைக்கு வருவோம். ஒரு சாமைச் சிறுகதிரைப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால் பிரவுனின் வாக்கியம் வரிவரியாகத் தெரியும். அடியில் குட்டையான ஒரு குளூம், அதாவது சிறுகதிரின் புறச்செதில். அதன் மேல் நீண்ட இரண்டாம் குளூம். அதை அச்சாக ஒத்த, மணியற்ற கீழ்ப்பூவின் லெம்மா, அதாவது பூவை மூடும் செதில். அதற்கும் உள்ளே பளபளப்பும் கடினமுமான மேல்பூவின் லெம்மா, மணியை இறுக அணைத்தபடி. அந்தக் கடைசிச் சிப்பம்தான் சாமையை உரலில் இட்டுக் குத்தியவர்களின் தோள்வலிக்குக் காரணம். கேழ்வரகில் இந்தத் தொல்லை இல்லை, தட்டியதும் மணி உதிர்ந்துவிடும். இதை வைத்துக்கொண்டு, உமி இறுகப் பற்றினால் பானிக்காய்டியே என்று விதி எழுத ஆசை வரும். கம்பு அந்த ஆசையைக் கெடுத்துவிடுகிறது: அதுவும் இதே துணைக்குடும்பம், ஆனால் அதன் மணி உமியை எளிதில் விட்டுவிடும். மனிதன் பல்லாயிரம் ஆண்டு தேர்ந்தெடுத்த பண்புகளை வகைப்பாட்டுக்குச் சாட்சியாக அழைக்கும்போது குறுக்குவிசாரணை கட்டாயம்.

நம் பக்கத்துப் பணியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கா. ரங்காச்சாரியார், சி. தாடுலிங்க முதலியாரின் துணையோடு 1921-இல் சென்னை அரசு அச்சகம் வழியாக வெளியிட்ட தென்னிந்தியப் புற்களின் கையேடு, புல் படிக்க வந்த மாணவருக்கு இன்றும் முதல் ஆசான். பிரவுன், பெந்தம் வகுத்த இரு பிரிவுகளை அது கேள்வியின்றி ஏற்றுக்கொண்டது, அது குறை. ஆனால் இலைகளின் குறுக்குவெட்டை வரைந்து, நரம்புக் கற்றையைச் சுற்றிய உயிரணுக்களையும் விவரித்தது. வெளித்தோற்றமே போதும் என்று இருந்த காலத்தில் அது பெரிய நிறை. கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலை அவர் மறைவுக்குப் பின் முடித்த ஃபிஷர் 1934-இல் தந்த புற்கள் பகுதி, இனங்காணும் திறவுகோல்களின் சிக்கனத்தில் இன்னும் மிஞ்சப்படாதது. தாவரவியலாளர் போர் 1960-இல் வெளியிட்ட பெருநூல் பரப்பில் பெரிது, கருத்தில் பழையது. கல்வராயனையும் உள்ளடக்கி 1980-களில் திருச்சி ரபினாத் ஹெர்பேரியத்திலிருந்து கே. எம். மேத்யூ கொண்டுவந்த தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவர நூல், களத்தில் நடந்து நடந்து எழுதப்பட்டது என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் காட்டும். இவை அனைத்தும் இரண்டாம் கேள்வியில் முழு மதிப்பெண் பெறுபவை. வம்சம் என்ற முதல் கேள்வியில் இவற்றுக்குக் கிடைப்பது கடன் வாங்கிய மதிப்பெண்தான்.

வம்சத்தை முதலில் தொட்டது குரோமோசோம். அவ்துலோவ் 1931-இல், புற்களின் அடிப்படைக் குரோமோசோம் எண்ணும் அளவும் இலை உள்ளமைப்பும் ஒன்றோடொன்று இசைவதைக் காட்டினார். குளிர்நாட்டுப் புற்களில் 7, பெரியவை. பானிக்காய்டுகளில் 9 அல்லது 10, சிறியவை. இந்த அளவுகோலுக்கும் ஓட்டை உண்டு. கம்புக்கு அடிப்படை எண் 7, குரோமோசோம்களும் பெரியவை. எண்ணை மட்டும் நம்பினால் கம்பைக் கோதுமையின் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

அதே ஆண்டுகளில் கோயம்புத்தூர் கரும்பு நிலையம் செய்தவை சோதனை வடிவில் எழுதப்பட்ட வகைப்பாடு. 1918-இல் வெளிவந்த கோ 205, ஆலைக்கரும்பும் ஆற்றோரத்துப் பேய்க்கரும்பும் சேர்ந்த கலப்பு. பின்னர் டி. எஸ். வெங்கட்ராமன் கரும்பைப் பெரியமஞ்சள் சோளத்தோடு கலந்தார். ஜானகி அம்மாள் 1938-இல் கரும்பும் மக்காச்சோளமும் கலந்த செடியைப் பற்றி எழுதினார். மூன்று பேரினங்களின் வேலியைத் தாண்டி மகரந்தம் வேலை செய்தது என்றால் அந்த வேலிகள் எவ்வளவு தாழ்வானவை என்பது விளங்கும். இருந்தாலும் இந்தச் சான்றுக்கு எல்லை உண்டு. கலக்கும் திறன் பழைய பண்பு. நெருக்கத்தைக் காட்டுமே தவிர யார் யாருக்கு முதல் உறவு என்ற வரிசையைக் காட்டாது. கோயம்புத்தூர் தந்த தகவலின் பெருமையை ஒப்புக்கொள்கிறேன். அதையே பேரினங்களை ஒன்றாக்கப் போதுமான காரணமாகக் கொண்டவர்களின் அவசரத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

க்ளேட்டனும் ரென்வாய்ஸும் 1986-இல் புல் குடும்பத்தில் ஆறு துணைக்குடும்பங்கள் என்றார்கள். 2001-இல் புல் வம்சவழி ஆய்வுக்குழு, டிஎன்ஏ-வையும் உறுப்பமைப்பையும் சேர்த்துப் பன்னிரண்டு என்றது. அண்மையில் 1,100-க்கும் மேற்பட்ட சிற்றினங்களையும் 300-க்கும் மேற்பட்ட உட்கரு மரபணுக்களையும் கொண்டு வரைந்த மரம், தனித்தனி மரபணுக்கள் தம்முள் முரண்பட்டபோதும், இருக்கும் வகைப்பாட்டைப் பெருமளவு உறுதி செய்தது. முந்தைய மரங்கள் பெரிதும் நம்பிய பசுங்கணிகத்தின் சாட்சியம் ஒரு பக்கத்துப் பரம்பரையை மட்டும் சொல்வது. உட்கருவின் சாட்சியம் அதனோடு பெரும்பாலும் ஒத்துப்போனது என்பதால் இதைச் சாதனை என்கிறேன்.

இந்த மரம் சொல்லும் செய்திகளில் எனக்கு மிகப் பிடித்தது வரகைப் பற்றியது. சாமையும் வரகும் ஒரே கடை, ஒரே பானை, ஒரே பழமொழி. சிறுகதிர் அமைப்பை நம்பிய எல்லா நூல்களும் இரண்டையும் பானிசியே குலத்தில் அக்கம்பக்கமாக வைத்தன. ஆனால் சாமையின் அடிப்படை எண் 9, வரகினுடையது 10. டிஎன்ஏ அந்த எண்ணின் பக்கம் நின்றது. வரகு இன்று பாஸ்பாலியே என்ற தனிக்குலம். அதற்குச் சாமையைவிடக் கரும்பும் சோளமும் மக்காச்சோளமும் நெருங்கிய உறவு. வரகுக்கும் சாமைக்கும் பொதுவான அந்தத் தோற்றம் மூதாதையிடமிருந்து அப்படியே வந்தது. ஆண்ட்ரோபோகோனியே அதை மாற்றிக்கொண்டு இணைச் சிறுகதிரானது. பழைய பானிசியே என்பது மாறாதவர்களின் கூட்டம். பெறாததை வைத்துக் கட்டிய குழுவுக்கு நேர்ந்த அதே கதி இங்கும்.

பாராட்டியதோடு ஒரு மறுப்பையும் வைக்க வேண்டும். 2010-இல் சாஞ்செஸ்-கென், கிளார்க் இருவரும் சென்டோத்தேக்காய்டியே என்ற சிறு துணைக்குடும்பத்தைப் பானிக்காய்டியேயில் கரைத்தார்கள். சென்டோத்தேக்காவின் சிறுகதிரில் ஒன்றுக்கு மேற்பட்ட வளமுள்ள பூக்கள் இருக்கலாம். கீழ்ப்பூ கருகும் முத்திரை அதற்கு இல்லை. உறவு சரி; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எல்லைக்கோட்டை இந்த இடத்தில்தான் போட வேண்டும் என்று மரம் கட்டாயப்படுத்தவில்லை. முத்திரை உள்ள கூட்டத்துக்கு மட்டும் பெயரை வைத்துவிட்டு, வேர்ப்பக்கத்துச் சிறு குலங்களுக்குத் தனிப்பெயர் தந்திருக்கலாம். ஓரிரு பேரினங்களுக்கு ஒரு துணைக்குடும்பம் என்று பெயர்கள் பெருகும் என்பதே தவிர்த்ததற்குக் காரணம். அந்தக் காரணம் நியாயமானது, விலையும் உண்டு. விரிந்த பானிக்காய்டியேயைக் கண்ணால் கண்டு உறுதி செய்யும் பண்பு எதுவும் இன்று இல்லை. வீட்டில் தரை கூட்டும் புல் துடைப்பத்தின் தைசனோலேனாவைப் பாருங்கள். அதன் சிறுகதிரில் கீழ்ப்பூ மலடு, மேல்பூ வளம். இருந்தும் 1986-இல் அருண்டினாய்டியே, 2001-இல் சென்டோத்தேக்காய்டியே, இப்போது பானிக்காய்டியே என்று மூன்று வீடு மாறிவிட்டது.

பரிணாமக் கதையில் சி4 ஒளிச்சேர்க்கைக்கு ஒதுக்கப்படும் இடம் தகுதியானது. சொல்லப்படும் விதம் பல நேரங்களில் தளர்ச்சியானது. 1965-66-இல் கரும்பில்தான் இந்த வழி தெளிவாயிற்று. ஹவாயில் கோர்ட்ஷாக் குழு காட்டியதை ஆஸ்திரேலியாவில் ஹாட்சும் ஸ்லாக்கும் விளக்கினார்கள். ரங்காச்சாரியாரின் குறுக்குவெட்டுகள் கவனித்த அந்தக் கற்றை உறையே கார்பன் டைஆக்சைடைச் செறிவாக்கும் அறை. பானிக்காய்டியே என்றாலே சி4 என்று பாடநூல்கள் எழுதிவிடுகின்றன, அது தவறு. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் நிழலில் படரும் ஒப்லிஸ்மீனஸ் இதே துணைக்குடும்பம், ஆனால் பழைய சி3 வழி. வெயிலில் நிற்கும் சாமையும் மக்காச்சோளமும் சி4-தான். ஆனால் இரண்டும் கையாளும் நொதி வேறு, உறைக்குள் நடக்கும் வேதியியல் வேறு. 2012-இல் வந்த ஆய்வு, புல் குடும்பத்தில் சி4 வழி 22 முதல் 24 முறை தனித்தனியாகத் தோன்றியதாகக் கணக்கிட்டது. அவற்றில் பல இந்தத் துணைக்குடும்பத்துக்குள்ளேயே நிகழ்ந்தவை. எனவே சி4 இங்கே வம்ச முத்திரை அல்ல, திரும்பத் திரும்பக் கிட்டிய தேர்ச்சி.

காலக்கணக்கிலும் இதே நுணுக்கம் தேவை. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலக் கார்பன் டைஆக்சைடு சரிந்ததோடு சி4-இன் தொடக்கத்தைப் பொருத்துவது வலுவான வாதம். ஆனால் சி4 புல்வெளிகள் உலகெங்கும் பரவியது 80 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்தான். இடையில் கிடக்கும் நீண்ட மௌனத்துக்கு அந்தச் சரிவு பதில் ஆகாது. பருவ வறட்சியையும் தீயையும் அழைத்துத்தான் ஆக வேண்டும். தோற்றத்தையும் பரவலையும் ஒரே காரணத்தில் கட்டும் எழுத்து எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் முறையியலில் பழுதுடையது.

பேரினங்களின் நிலைக்கு இறங்கினால் தீர்ப்பு ஒன்றாக இருக்க முடியாது. லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட பானிக்கம் ஒரு காலத்தில் 400-க்கும் மேற்பட்ட சிற்றினங்களைச் சுமந்தது. முள் இல்லை, மயிர்ச்சுற்று இல்லை, ஒருபக்கக் கதிர் இல்லை என்று வேறெங்கும் இடம் கிடைக்காதவை வந்து தங்கிய சத்திரம் அது. 2003-க்குப் பின் அதைக் கலைத்தது நூற்றுக்கு நூறு சரி. சாமையும் பனிவரகும் கலைப்புக்குப் பின்னும் பானிக்கத்திலேயே நிற்கின்றன. இரண்டுக்கும் 36 குரோமோசோம், இரண்டும் ஒரே வகைச் சி4.

கம்பை 2010-இல் பென்னிசெட்டத்திலிருந்து சென்க்ரஸுக்கு மாற்றியது பலருக்குச் சினமூட்டியது. மரபணுவை விட்டுவிட்டு நம் மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல்லை மட்டும் பார்த்தாலும் இந்த மாற்றத்தின் நியாயம் தெரியும். சிறுகதிரைச் சுற்றிய மயிர்கள் தனித்தனியாக இருந்தால் பென்னிசெட்டம், இணைந்து கிண்ணமானால் சென்க்ரஸ் என்பது விதி. கொழுக்கட்டைப் புல்லில் அடியில் மட்டும் கொஞ்சம் இணைந்திருக்கும். அதனால் அது இருநூறாண்டாக இரண்டு பெயருக்கும் நடுவே அலைந்தது. இடைநிலை உயிர் ஒன்று நிரந்தரமாக வேலியில் உட்கார்ந்திருந்தால் வேலி தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள். பால்மாடு வைத்திருப்போர் நடும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் சென்க்ரஸுக்குள்ளேயே நிகழ்ந்த கலப்பு. கம்பின் குரோமோசோம் 14, யானைப்புல் என்ற நேப்பியரினுடையது 28, கலப்பில் 21. ஆகவே விதையற்றது, கரணை வெட்டித்தான் நட வேண்டும். பழைய பெயரோடு பழகிய வேளாண்மை இலக்கியம் முழுவதும் திருத்தப்பட வேண்டும் என்ற செலவு உண்மையானது. இங்கே அந்தச் செலவு தகும்.

கினியாப் புல்லில் தகாது. 1781-இல் பானிக்கம் மேக்சிமம். 1987-இல் வெப்ஸ்டர் அதை யூரோக்ளோவாவில் சேர்த்தார். 2003-இல் சைமனும் ஜேகப்ஸும் மெகாதிர்சஸ் என்று தனிப்பேரினம் தந்தார்கள். இன்று இரண்டு பெயரும் ஆய்வேடுகளில் அருகருகே ஓடுகின்றன. பானிக்கத்தை விட்டு வெளியேற்றியது நியாயம். அதன் சி4 வகையே சாமையினுடையதிலிருந்து வேறு. ஆனால் வெளியேற்றியவர்கள் போய்ச்சேரும் இடத்தைத் தீர்மானிக்காமலேயே பெயரை மாற்றிவிட்டார்கள்.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது சாமை, வரகு, தினை, குதிரைவாலி, கம்பு, சோளம் எல்லாவற்றோடும் கேழ்வரகும் ஒரே கூடையில் அமர்ந்தது. நெல்லும் அல்ல, கோதுமையும் அல்ல என்பதுதான் அந்தக் கூடையின் இலக்கணம். சந்தைக்கு அது போதும், விதை நேர்த்திக்கும் பயிர்ப் பெருக்கத்துக்கும் போதாது. கேழ்வரகு குளோரிடாய்டியே துணைக்குடும்பம், அறுகம்புல்லின் பக்கத்து உறவு. அதன் சிறுகதிரில் பல பூக்கள் வளமானவை. கல்வராயன் மலையில் ஒரே சரிவில் சாமையும் கேழ்வரகும் அடுத்தடுத்து நிற்கும்போது, இடையில் இருப்பது வரப்பு மட்டுமல்ல, கோடிக்கணக்கான ஆண்டுப் பிரிவு.

பானிக்காய்டியே என்ற துணைக்குடும்பம் நிற்கிறது. பிரவுனின் பாதி வென்றது என்றே பதிவு செய்கிறேன். ஆண்ட்ரோபோகோனியே, பாஸ்பாலியே, பானிசியே என்ற பிரிவு, குரோமோசோம் முன்கூட்டிச் சொன்னதை டிஎன்ஏ உறுதி செய்ததால், இந்தத் துறையின் மிகச் சுத்தமான முடிவுகளில் ஒன்று. வேர்ப்பக்கத்து விரிவாக்கம் ஏற்கத்தக்கது, கொண்டாடத்தக்கதல்ல. பாக்கி ஒன்று இருக்கிறது. கல்வராயனில் ஏறும் மாணவர் இன்று கையில் எடுத்துச் செல்லக்கூடிய திறவுகோல்கள் ஃபிஷருடையதும் மேத்யூவினுடையதும்தான். அவை காட்டும் பேரினங்கள் பலவும் இப்போது வேறு இடத்தில் இருக்கின்றன. புதிய மரத்தின் கிளைகளைச் சிறுகதிர், குளூம், லெம்மா என்ற கண்ணுக்குத் தெரியும் சொற்களில் மறுபடி எழுதி, தமிழில், இந்த மலைத்தொடரின் புற்களுக்கென ஒரு திறவுகோல் செய்ய வேண்டும். அது வரும்வரை இந்த வகைப்பாட்டின் இரண்டாம் மதிப்பெண்ணை நிறுத்திவைக்கிறேன்.